பேட்டையைக் கேட்டுக் கட்டிய வீடு

ஊருக்கு நடுவே ஒரு பழைய பேட்டை. சந்துகள் குறுகல், வீடுகள் நெருக்கம், எப்போதும் இரைச்சல். அங்கே ஒரு சமூக நிலையம் கட்டினால் தேவலை என்று நாலு நல்ல மனிதர்களுக்குத் தோன்றுகிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கமிட்டி கூடும். கூட்டம் போட ஒரு கூடம், புத்தகம் படிக்க ஓர் அறை, தையல் மெஷின் வைக்க ஒரு தாழ்வாரம் என்று காகிதத்தில் கோடு கிழிப்பார்கள். அடிக்கல் நாட்டு விழா, திறப்பு விழா, மாலை, புகைப்படம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தேறும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் கதவில் பூட்டுத் தொங்கும். "என்ன செய்தும் இந்த ஜனங்களுக்கு அக்கறை இல்லையே!" என்று கமிட்டியார் பெருமூச்சு விடுவார்கள். "எங்களை யார் கேட்டார்கள்?" என்று பேட்டைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த இரண்டாவது பேச்சில் உள்ள நியாயத்தைச் சுமார் 135 வருஷங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு பழைய பேட்டையில் அவர்கள் ஆரம்பித்த நிலையம்தான் 'ஹல் இல்லம்'. சமூக நிலையம் என்று பேச்செடுத்தால் உலகத்தில் எங்கேயும் இன்றுவரை அதன் பெயர் அடிபடுகிறது. அது எப்படி உருவாயிற்று, அதற்கு என்ன கதி நேர்ந்தது என்பது கேட்க வேண்டிய கதை.

பேய் இருந்த மச்சு

ஜேன் ஆடம்ஸ் 1860-ஆம் வருஷம் இல்லினாய் மாகாணத்தில் ஸீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் மாவு ஆலைச் சொந்தக்காரர். மாகாணச் சட்டசபையிலும் அங்கம் வகித்தவர். இரண்டு வயது நிறைந்து சில மாதங்களுக்குள் தாயை இழந்த பெண். கல்லூரிப் படிப்பை முடித்தார். வைத்தியம் படிக்கப் போய் உடல் நலம் கெட்டுத் திரும்பினார். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். படித்த, வசதியான வீட்டுப் பெண் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் வேறு என்ன செய்வது என்று அந்தக் காலத்து அமெரிக்காவுக்கும் விடை தெரியவில்லை. ஏழெட்டு வருஷங்கள் இப்படியே கழிந்தன.

1888-இல் லண்டனில் டாயின்பி ஹால் என்ற நிலையத்தை அவர் பார்த்தார். நகரத்தின் கிழக்குக் கோடியில், ஏழைகளின் நடுவே, பல்கலைக்கழக வாலிபர்கள் வந்து தங்கி அக்கம்பக்கத்தாரோடு பழகும் இடம் அது. 1884-இல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவியும் தொடங்கியது. "இதையே நாமும் செய்தால் என்ன?" என்று ஜேன் ஆடம்ஸுக்குத் தோன்றியது. கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சேர்ந்துகொண்டார். இருவரும் சிகாகோவுக்கு வந்து வீடு தேடினார்கள்.

ஹால்ஸ்டெட் வீதியில் ஒரு பழைய மாளிகை அகப்பட்டது. சார்லஸ் ஹல் என்பவர் 1856-இல் ஊருக்கு வெளியே காற்றோட்டமாகக் கட்டிய வீடு. பின்னால் நகரம் வளர்ந்து வந்து அதை விழுங்கிவிட்டது. 1871-இல் சிகாகோவைச் சுட்டெரித்த பெருந்தீ இந்தப் பேட்டையில்தான் மூண்டது. ஆனால் காற்று வேறு பக்கம் அடித்ததால் இந்த வீடு தப்பியது. இவர்கள் பார்த்தபோது ஒரு பக்கம் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடை, மறு பக்கம் சாராயக் கடை. நடுவில் நம் மாளிகை.

மேல் மச்சில் பேய் இருப்பதாக வேறு பேச்சு! மாடியில் குடியிருந்தவர்கள் மச்சுப் படியில் எப்போதும் ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீர் வைத்திருப்பார்களாம். நீரைத் தாண்டிப் பேய் வராது என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஜேன் ஆடம்ஸ் பிற்பாடு தம் நூலில் எழுதியிருக்கிறார். பேய்க்கு நம் ஊர், அவர்கள் ஊர் என்ற பேதம் இல்லை போலிருக்கிறது.

1889 செப்டம்பர் 18-ஆந் தேதி இரண்டு தோழிகளும், வீட்டுக் காரியம் பார்க்க மேரி கீஸர் என்ற பெண்ணும் அங்கே குடிபுகுந்தார்கள். சாமான்களை அடுக்கிய அலுப்பில் முதல் நாள் இரவு பக்கத்துக் கதவைப் பூட்டவும் மறந்தார்கள், சாத்தவும் மறந்தார்கள். விடிந்து பார்த்தால் ஒரு துரும்புகூடக் களவு போகவில்லை. "அந்தப் பேட்டையா? ஐயையோ!" என்று பயமுறுத்தியிருந்த நண்பர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறு வேண்டியதில்லை. வீட்டுக்கு உரிமையுடைய ஹெலன் கல்வர் என்ற அம்மாள் சில மாதங்களுக்குள் வாடகையே வேண்டாம் என்று வீடு முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

மேஜைக் காலில் கட்டிய பிள்ளை

வந்தவர்கள் கையில் என்ன திட்டம் இருந்தது? உண்மையைச் சொன்னால், அதுவும் கமிட்டித் திட்டம் மாதிரிதான். ஐரோப்பாவில் வாங்கிய படங்களைச் சுவரில் மாட்டினார்கள். நல்ல நாற்காலி மேஜைகளைப் போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து ஜார்ஜ் எலியட்டின் 'ரோமோலா' நாவலை உரக்க வாசித்தார்கள். அழகும் இலக்கியமும் ஏழைகளுக்கும் சொந்தம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. பெண்களும் வந்து கேட்டார்கள்.

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் பேட்டை தன்னுடைய தேவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் வைக்க ஆரம்பித்தது. இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ருஷ்ய யூதர், போலந்துக்காரர், பொஹீமியர் என்று எத்தனையோ நாட்டார் பிழைப்பைத் தேடி வந்து அங்கே அடைந்து கிடந்தார்கள். தகப்பன் சம்பாதிப்பது போதாது. தாயும் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளை எங்கே விடுவது? வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பேட்டையில் ஹல் இல்லத்தார் முதன் முதலில் சந்தித்த ஊனமுற்ற பிள்ளைகள் மூன்று பேர். மூவருமே தாய் வேலைக்குப் போயிருந்த சமயத்தில் ஊனமானவர்கள். ஒரு பிள்ளை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்று நெருப்பில் வெந்தது. மூன்றாவது பிள்ளைக்கு முதுகெலும்பு வளைந்துவிட்டது. காரணம், மூன்று வருஷமாக நாள் முழுவதும் அவனைச் சமையலறை மேஜைக் காலில் கட்டிப்போட்டிருந்தார்கள். மத்தியானத்தில் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அண்ணன் ஓடிவந்து அவிழ்த்துவிட்டுத் தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுக்கிற நேரம்தான் அவனுக்கு விடுதலை.

அந்தத் தாய் கொடியவளா? கட்டிப்போடாவிட்டால் ஜன்னலிலிருந்து விழுவானே என்று பயந்தவள். படம் மாட்டிய வரவேற்பறையில் சில வாரங்களுக்குள் பாலர் வகுப்பு ஆரம்பமாயிற்று. நகரத்தின் இன்னொரு கோடியிலிருந்து ஓர் இளம் பெண் தினம் காலையில் வந்து நடத்தினாள். அடுத்து, கைக்குழந்தைகளை விட்டுப் போகப் பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகம் திறந்தார்கள். பிற்காலத்தில் அதற்கென்றே தனிக் கட்டடம் எழும்பியது.

காப்பகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனைப் பற்றி ஜேன் ஆடம்ஸ் எழுதியிருப்பதைப் படிப்பவர்களால் எளிதில் மறக்க முடியாது. வேலைக்குப் போகுமுன் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள் அவன் தாய். கூடப் போன பிள்ளையை மார்ச்சு மாதத்துப் பெருங்காற்று தூக்கிக் கீழே எறிந்துவிட்டது. பிள்ளை பிழைக்கவில்லை. அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, 'இன்னும் என்ன உதவி வேண்டும்?' என்று காப்பகத்தார் கேட்டார்கள். நாளைக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன் என்றாளாம் அவள். போன பிள்ளை தூக்கு தூக்கு என்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பானாம். அவளுக்குத்தான் நேரமே இல்லாமற் போயிற்று.

எந்த என்ஜினீயர் போடும் வரைபடத்தில் இந்தத் தேவை தெரியும்? அந்தத் தெருவிலேயே குடியிருந்து காது கொடுத்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

சத்துள்ள சமையல், சாப்பிட ஆள் இல்லை

இதற்குப் பிறகாவது எல்லாம் நேராக நடந்ததா என்றால், இல்லை. நல்லது செய்கிறவர்களுக்கும் தங்கள் யோசனைமேல் ஒரு மயக்கம் உண்டு. பேட்டைப் பெண்கள் நாள் பூராவும் தையல் வேலை செய்துவிட்டு, தகரத்தில் அடைத்த பண்டங்களை வாங்கி அவசரமாகச் சூடு பண்ணிப் போடுகிறார்களே, இதனால் காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது என்று ஹல் இல்லத்தார் கவலைப்பட்டார்கள். பாஸ்டன் நகரத்தில் உணவு விஞ்ஞானம் கற்ற பெண்கள் ஒரு பொதுச் சமையற்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓர் அங்கத்தினரை அனுப்பிப் பயிற்சி பெறச் செய்து, அதே முறையில் 1893-இல் தாங்களும் ஒன்று தொடங்கினார்கள். அளந்து, நிறுத்து, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்த ஸூப்புகள், குழம்புகள். விலையும் மலிவு.

சத்து இருந்தது, சாப்பிடத்தான் ஆள் வரவில்லை! இத்தாலியர் நாக்குக்கு ஒரு ருசி; யூதர்களுக்கு ஓர் ஆசாரம்; ஜெர்மானியருக்கு வேறு பழக்கம். பாஸ்டன் நகரத்துக் கஞ்சி யாருக்கு இறங்கும்? அதில் சத்து இருப்பது வாஸ்தவந்தான், ஆனால் தனக்கு எது பிடிக்குமோ அதைத் தின்னத்தான் தனக்கு இஷ்டம் என்று ஓர் அம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மாமியார் எவ்வளவு உயர்வாகச் சொன்னாலும் பிடிக்காத கஷாயத்தை மருமகள் குடிப்பாளா?

ஜேன் ஆடம்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "ஜனங்களுக்கு அறிவில்லை" என்று அறிக்கை விடவும் இல்லை. அந்தச் சமையற்கூடத்தோடு ஒரு காப்பிக் கடையும் இருந்தது. அங்கே மட்டும் கூட்டம் கூடிற்று. சாராயக் கடையைத் தவிர வேறு இடத்திலும் நாலு பேர் உட்கார்ந்து பேசலாம் என்பதைப் பேட்டை கண்டுகொண்டது. பிறகு என்ன? ஸூப்பை ஓரங்கட்டிவிட்டுக் காப்பிக் கடையை விஸ்தரித்தார்கள். இந்த அனுபவத்தை அவர் தம் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார்.

இதற்கு நேர்மாறாக, பேட்டைக்காரர்கள் தாங்களாகவே கேட்ட காரியம் ஒன்று எப்படிச் செழித்தது என்று பாருங்கள். செருப்புத் தொழிற்சாலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தபோது ஹல் இல்லத்தில் கூடிப் பேசினார்கள். தனியாக வாடகைக்கு இருந்த பெண்கள்தான் முதலில் தளர்ந்தார்கள். சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் வாரம் தவறாமல் பணம் கட்டியாக வேண்டுமே! நமக்கென்று சொந்தமாக ஒரு விடுதி இருந்தால் இந்த மாதிரி சமயத்தில் ஒருவருக்கொருவர் துணை நிற்கலாமே என்று அவர்களுள் ஒருத்தி சொன்னாள். ஒரு மே மாதம் முதல் தேதி இரண்டு வீட்டுப் பகுதிகளில் 'ஜேன் கிளப்' தொடங்கிற்று. ஹல் இல்லம் கொடுத்தது முதல் மாத வாடகையும் தட்டுமுட்டுச் சாமான்களுந்தான். நிர்வாகம், கணக்கு, சட்டதிட்டம் எல்லாம் அந்தத் தொழிலாளிப் பெண்களே. மூன்றாவது வருஷத்தில் 50 பேர் சேர்ந்து, அந்தக் கட்டடத்தின் ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

குப்பை இன்ஸ்பெக்டர் அம்மாள்

கேட்பது என்றால் வாயால் கேட்பது மாத்திரம் இல்லை. 1893-இல் பெருநகரங்களின் சேரிகளைப் பற்றி அமெரிக்க அரசாங்கம் ஒரு விசாரணை நடத்தியது. சிகாகோப் பகுதியின் பொறுப்பு, ஹல் இல்லத்தில் வசித்த பிளாரன்ஸ் கெல்லி என்ற அம்மாளுக்கு வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எந்த வீட்டில் எந்த நாட்டார், வாரத்துக்கு எவ்வளவு வருமானம் என்று கேட்டறிந்து, தெருவின் படத்தில் வீட்டுக்கு வீடு வர்ணம் தீட்டினார்கள். 18 நாட்டு ஜனங்கள் இருந்தார்கள்! 1895-இல் அந்தப் படங்கள் புத்தகமாக வெளிவந்தன. ஒரு பேட்டையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு இன்றைக்கும் அதை ஓர் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

வியாதியின் மூலம் கண் முன்னாலேயே கிடந்தது: குப்பை. தெரு நெடுகப் பெரிய பெரிய மரப்பெட்டிகளைத் தரையோடு அறைந்து வைத்திருந்தார்கள். அழுகல் அதில் வழிந்துகொண்டிருக்கும். தவழ்ந்து நடை பழகும் குழந்தை முதன் முதலில் ஏறிப் பழகும் உயரம் அந்தக் குப்பைப் பெட்டிதான்!

ஹல் இல்லத்து மாதர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார்கள். சங்கத்துப் பெண்கள் பகலெல்லாம் வீட்டு வேலை செய்து களைத்தவர்கள். இருந்தாலும் 12 பேர் முன்வந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், கோடைப் புழுக்கத்தில், நாற்றமெடுத்த சந்துகளில் நடந்து பார்த்து எழுதினார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதத்தில் சுகாதார இலாகாவுக்கு அவர்கள் அத்தாட்சியுடன் அனுப்பிய புகார்கள் 1,037. குடும்பப் பெண்கள் குறை சொல்வார்களே தவிரக் காரியம் செய்ய மாட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியும் சாவு குறையவில்லை. ஜேன் ஆடம்ஸின் பொறுப்பில் இருந்த மருமகன் நோஞ்சான் பிள்ளை. அந்த நாற்றத்தில் அவனைத் தம்முடன் வைத்துக்கொள்ள முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை என்றதும் மனம் பதறுகிறதே, பிழைக்காமலே போன அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஏன் முன்பே பதறவில்லை என்று தம்மையே நொந்துகொண்டார். அடுத்த வசந்தத்தில், 1895-இல், குப்பை அள்ளும் கண்ட்ராக்டுக்குத் தாமே டெண்டர் போட்டார்! ஏதோ ஒரு விதியைக் காட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் இதே பேச்சானதும் மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை இன்ஸ்பெக்டராக நியமித்தார். சம்பளம் வருஷத்துக்கு 1,000 டாலர்.

காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார். ஒரு சந்தில் அழுக்கைத் தோண்டத் தோண்டப் பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய தரை இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பேட்டைக்கு அதுவரை தெரியாது! பொம்மனாட்டிக்கு ஏன் இந்த வேலை என்று பேட்டைப் பெண்களே முதலில் முகம் சுளித்தார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பணிவிடை செய்வது பெண்ணுக்கு அழகு என்றால், காய்ச்சலே வராமல் தடுப்பதும் அழகுதானே என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. நகரத்து வார்டுகளில் சாவு விகிதத்தில் மூன்றாவது இடத்தில் இருந்த அந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது. இதை மாதர் சங்கத்தில் அறிவித்தபோது எழுந்த கைதட்டல், சந்தில் நடந்தவர்கள் தங்களுக்கே தட்டிக்கொண்டது.

இரண்டு வாசல்கள்

இன்னொரு தேவை இருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்கவும் தெரியவில்லை. வந்தேறிய குடும்பங்களில் பிள்ளைகள் சட்டென்று ஆங்கிலம் கற்று அமெரிக்கர்களாகிவிட்டார்கள். தலையில் முக்காடும் கிராமத்துப் பாவாடையுமாக நிற்கும் தாயைப் பார்த்தால் அவர்களுக்கு வெட்கம். ஒரு நாள் வீதியில் போகும்போது, ஓர் இத்தாலியக் கிழவி ஊர் ஏக்கம் முகத்தில் தெரியத் தக்கிளியில் நூல் நூற்றுக்கொண்டிருப்பதை ஜேன் ஆடம்ஸ் பார்த்தார். அந்தக் கைகளில் இருந்த வித்தை பேட்டையில் யார் கண்ணுக்கும் படவில்லையே என்று தோன்றியது. 1900-இல் 'உழைப்புக் காட்சிச் சாலை' பிறந்தது. பல நாட்டுத் தக்கிளிகளும் ராட்டைகளும் தறிகளும் வரிசையாக வைக்கப்பட்டன. அவற்றை இயக்கிக் காட்டியவர்கள் பேட்டைத் தாய்மார்கள்.

அந்தத் தாய்மார்களில் ஒருத்திக்கு ஒரு மகள். தாய் நூற்க வரும் அதே மாலையில் மகளுக்கு ஹல் இல்லத்தில் சமையல் வகுப்பு. இருவரும் சேர்ந்துதான் வருவார்கள். ஆனால் தாயை ஒரு வாசலில் விட்டுவிட்டு மகள் வேறு வாசல் வழியாக உள்ளே போவாள். ஒரு நாள் தாயைச் சுற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் நின்று வியந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சிலிருந்து, தக்கிளி நூற்பதில் அமெரிக்காவிலேயே தன் தாய்க்கு நிகரில்லை என்று மகளுக்கு விளங்கிற்று. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் ஒளித்து வைக்கச் சொல்லியிருந்த, கையால் நூற்று நெய்த உடைகளை வெளியே எடுக்கத் தாய்க்கு அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு மகளும் தாயும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள்.

இடம் விட்டவர்களின் கண்ணீர்

எல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போனால் கதை முழுமையாகாது. பிள்ளைகள் ஓடியாடத் தெருவைத் தவிர இடமே இல்லை. மோசமான வீடுகள் சிலவற்றைப் பற்றிப் பிளாரன்ஸ் கெல்லி கடுமையாகப் பேசப்போக, அவற்றின் சொந்தக்காரராகிய வில்லியம் கென்ட் என்ற இளைஞர் மனம் மாறி நிலத்தையே ஹல் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். வீடுகளை இடித்துவிட்டு 1890-களில் அங்கே விளையாட்டு மைதானம் அமைத்தார்கள். சிகாகோ நகரத்திலேயே பொதுமக்களின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட முதல் மைதானம் அதுதான்.

ஆனால் அந்த வீடுகளிலும் மனிதர்கள் குடியிருந்தார்கள் அல்லவா? சிலரைச் சட்டப்படி அப்புறப்படுத்தியே வீடுகளை இடிக்க நேர்ந்தது. அவர்கள் அந்த இழப்பை மறக்கவே இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு குதிரைச் சேணம் செய்யும் ஓர் இத்தாலியக் கிழவர் ஜேன் ஆடம்ஸை வீதியில் சந்தித்தார். வேறு எங்கே போயும் தமக்கு அவ்வளவு நன்றாகப் பிழைப்பு நடக்கவில்லை என்றும், இத்தாலியைப் போலவே தோன்றிய இடம் பிறகு கிடைக்கவே இல்லை என்றும் சொன்னார். சுகாதாரக் கணக்கில் அது இடிக்க வேண்டிய வீடு. அந்தக் கிழவருக்கு அது சொந்த நாட்டின் ஒரு துண்டு. மைதானத்தைப் பற்றிப் பெருமையாக எழுதிய இடத்திலேயே இந்தக் கிழவரைப் பற்றியும் எழுதினாரே, அது அந்த அம்மாளின் பெருந்தன்மை.

பிறகு வந்தவர்கள் கேட்கவில்லை

இருபது வருஷங்களில் ஹல் இல்லம் 13 கட்டடங்களாக விரிந்தது. நாடக மேடை, சங்கீதப் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம் என்று ஒவ்வொன்றும் தேவை எழுந்த பிறகே எழுந்தது. உலகப் புகழ் பெற்ற ஜாஸ் வாத்தியக்காரர் பென்னி குட்மன் சிறுவனாக வாசித்தது இங்கே இருந்த பாண்டு கோஷ்டியில்தான். 1931-இல் ஜேன் ஆடம்ஸுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1935-இல் அவர் மறைந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பேட்டைக்காரர்களே குழுவாகக் கூடி, பழுதானதை எப்படிச் சீர்படுத்தலாம், எதைக் காப்பாற்றலாம் என்று திட்டமிட்டு வந்தார்கள். அதில் உழைத்தவர்களுள் ஒருவர் பிளாரன்ஸ் ஸ்காலா. இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகள். சிறு வயது முதல் ஹல் இல்லத்துக்கு வந்து வளர்ந்தவர். 1961-இல் நகரசபை ஒரு முடிவை அறிவித்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு இடம் வேண்டும். இந்தப் பேட்டையை எடுத்துக்கொள்ளப் போகிறோம்! பன்னிரண்டு வருஷத் திட்டத்தைப் பற்றி யாரும் பேட்டைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்காலாவின் தலைமையில் குடும்பப் பெண்கள் மேயர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஊர்வலம் போனார்கள். 85 வயது தாண்டிய ஜெஸ்ஸி பின்போர்டு அம்மாளும் சேர்ந்துகொண்டார். ஜேன் ஆடம்ஸ் காலத்திலிருந்து ஹல் இல்லத்திலேயே வாழ்ந்தவர் அவர். வழக்கு நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1963-இல் தோற்றார்கள். ஹல் இல்லத்து நிர்வாகக் குழுவும் இடத்தை விற்றுவிட்டு விலகியது. ஆயிரக்கணக்கான குடும்பத்தாரும் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். 1965-இல் பல்கலைக்கழகம் திறந்தது. கல்விச்சாலை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சேணக்காரக் கிழவரின் துக்கம் அன்று பேட்டை முழுவதற்கும் வந்து சேர்ந்தது.

13 கட்டடங்களில் 2 மட்டும் தப்பின: பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும். 1967 முதல் அவை பொருட்காட்சிச் சாலையாக இருக்கின்றன. ஹல் இல்லத்தின் பெயரால் நகரத்தின் வேறு பகுதிகளில் தொண்டு நடத்திவந்த சங்கமும் பணமுடையால் 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

எந்த ஊரின் பழைய பேட்டையிலும், எந்தத் தெருவிலும், ஒரு சமூக நிலையத்துக்கு வரைபடம் விரிக்கும் நாள் வரும். அந்த மேஜையைச் சுற்றி உட்காரும் பெரியவர்கள் செங்கல் கணக்குப் போடுமுன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். இந்தத் தெருவில் பகல் பத்து மணிக்குக் கைக்குழந்தைகள் யாரிடம் இருக்கின்றன? சாயங்காலம் நாலு பெண்கள் உட்கார்ந்து பேச எங்கே போகிறார்கள்? கட்டடம் வரும் இடத்தில் இப்போது இருப்பவர் யார், அவர் எங்கே போவார்? பதில் சொல்ல அந்தத் தெருவுப் பெண்களையே அழைத்து மேஜைக்கு முன்னால் நாற்காலி போடுங்கள். திறப்பு விழா கொஞ்சம் தாமதப்படலாம். கதவில் பூட்டுத் தொங்காது.